சிங்கப்பூர் முதலாளிக்குக் கிடைக்காத மீன் குழம்பு

சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் பணம் போட்டு எங்கள் கடற்கரையில் ஓட்டல் கட்டினார். அவர் பார்வையிட வருவதற்கு முந்தின நாள், மேனேஜர் தயாபரன் மீனவர்களை விரட்டினார்.

“இனிமே இந்தக் கரையில ஒரு படகும் ஒதுங்கக் கூடாது. மீன் வாடையே வரக் கூடாது.”

ஓட்டல் சமையல்காரி அமலோற்பவத்தின் புருஷனும் படகுக்காரன்தான். பக்கத்தில் நின்று கேட்ட அவள், “சரிங்க சார், வாடையே வராது” என்றாள்.

மறுநாள் மதியம் முதலாளி ஆசையாகச் சாப்பிட உட்கார்ந்தார். சோறும் ரசமும் மட்டுமே வந்தன.

“மீன் குழம்பு இல்லையாம்மா?”

“படகு கரைக்கு வரக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவுங்க ஐயா. மீன் தானா நடந்து வரமாட்டேங்குதே.”

முதலாளி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். “படகெல்லாம் பழையபடி இங்கேயே நிக்கட்டும். நீங்களே போய்ச் சொல்லுங்க.”

சாயங்காலம் முதல் படகு ஒதுங்கியபோது, மேனேஜர் கூடையோடு கரையில் காத்திருந்தார்.