உதறிய சட்டை

ஒரு காலத்தில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருந்தது. தலைமுடியைவிட மெல்லியது, எரியாது, கரையாது. பட்டறையில் கூரை ஷீட் அறுத்துக்கொண்டிருந்த தங்கப்பழத்தின் சட்டையில் ஒட்டிக்கொண்டு அது அவர் வீட்டுக்கு வந்தது. சட்டையைப் பட்டறையிலேயே கழற்றிவிட்டுப் போ என்று சொல்ல அங்கே ஒரு பாவிக்கும் தோன்றவில்லை.

அவர் மனைவி பேச்சித்தாய்க்கு ஒரு பழக்கம். சாயங்காலம் அந்தச் சட்டையைப் புறவாசலுக்கு எடுத்துப்போய் நாலு உதறு உதறிவிட்டுத்தான் ஊறவைப்பாள். தூசி பிள்ளைகளின் பள்ளிக்கூடத் துணியில் ஒட்டிவிடக் கூடாதாம். அப்படி உதறியபோது இழை அவள் மூச்சோடு உள்ளே இறங்கி, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் போய் உட்கார்ந்தது.

அங்கே ஒரு காவல் உயிரணு இருந்தது. எது வந்தாலும் விழுங்கி ஏப்பம் விடுவதுதான் அதன் வேலை. இழை அதைவிட நீளம். பாதிதான் உள்ளே போயிற்று. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்து, காவல் வயிறு வெடித்துச் செத்தது. உள்ளே இருந்த அனல் சுற்றிலும் சிந்தியது. அடுத்து வந்த காவலுக்கும் அதே கதி.

பக்கத்தில் சாதுவான வேறோர் உயிரணு குடியிருந்தது. அதனிடம் ஒரு புத்தகம். எப்போது வளரவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பேச்சித்தாயின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது.

சிந்திய அனலில் சில எழுத்துகள் கருகின. உயிரணு பதறிப்போய்த் திருத்தியது. மறுநாளும் கருகின. ஓயாத இந்தப் பாட்டில் மிரண்டுபோய், சில பக்கங்களைப் பசை போட்டு ஒட்டி மூடிவிட்டது. அவற்றில் ஓர் எழுத்தும் கெடவில்லை, ஆனால் இனிமேல் படிக்க முடியாது. 'நிறுத்து' என்ற பக்கமும் அப்படித்தான் மூடிக்கொண்டது.

உயிரணு இரண்டானது, நான்கானது. ஒவ்வொன்றுக்கும் புத்தகம் படியெடுக்கப்பட்டது, கருகலும் ஒட்டலும் உட்பட.

"எங்களை என்ன செய்தாய் நீ?" என்று உயிரணு இழையிடம் கேட்டது.

"நான் ஒன்றும் செய்யவில்லை. போகவில்லை, அவ்வளவுதான்."

முப்பத்திரண்டு வருடம் கழிந்தது. பேச்சித்தாய்க்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் நீர் கோத்தது. சோதித்துப் பார்த்த டாக்டர் புற்றுநோய் என்றார். ஆஸ்பெஸ்டாஸ் வேலை எப்போதாவது பார்த்ததுண்டா என்று அவளிடம் விசாரித்தார்.

"நான் எங்க டாக்டர் வேலைக்குப் போனேன்? அவுகதான் போனாக. நான் அவுக சட்டையத் தொவச்சேன், அம்புட்டுத்தான்." பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்: "நல்லா உதறிட்டுத்தான் ஊறவப்பேன். பிள்ளைக துணியில ஒரு பொட்டுத் தூசி பட விட்டதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கப்பழம் தலை நிமிரவில்லை.

அவள் நெஞ்சுக்குள் இழை, வந்த அன்றைக்கு இருந்த அதே நீளத்தில், அதே இடத்தில் இருந்தது.