சொந்த ஆளுக்குத் தூக்கிய விரல்

"மாஸ்டர், அது அவுட்டா, இல்லையா?"

வந்ததும் வராததுமாகச் சொரிமுத்து இதைத்தான் கேட்டான். வண்டிக்கு ஸ்டாண்டைக்கூட ஒழுங்காகப் போடவில்லை.

பிட்சுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நெல்லையப்பன் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ஓஸ் பைப்பை அவன் கையில் கொடுத்தார். மறுபக்கம் போய்ப் புல் பிடுங்க உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

மாஸ்டர் சாரல் கிளப்பின் பழைய ஸ்பின்னர். இப்போது மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறார்; ஆள் குறைந்தால் பந்தும் போடுவார். பந்து திரும்பவில்லை என்றாலும் அவரிடம்தான் வருவார்கள், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். மனுஷன் வாயைத் திறந்து புத்தி சொன்னதாக ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனாலும் வருவார்கள்.

சொரிமுத்து வந்ததற்குக் காரணம் வேறு. அந்தப் பந்தைப் போட்டவரே மாஸ்டர்தான்.

நம்ம ஊர் லீக்கில் கடைசி டிவிஷன் ஆட்டத்துக்கெல்லாம் எவன் அம்பயர் அனுப்புவான்? பேட்டிங் பண்ணுகிற டீம் ஆட்களே இரண்டு பேர் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைப் போலப் பாவப்பட்ட வேலை உலகத்தில் கிடையாது. சொந்த ஆளுக்கு அவுட் என்று விரலைத் தூக்கினால் நம்ம டீம் ஏசும். தூக்காவிட்டால் எதிர் டீம் ஏசும்.

அந்தக் கடைசி ஓவரில் தொப்பி சொரிமுத்து தலையில் இருந்தது. பேட் எட்வின் கையில் இருந்தது. ஒரு பவுண்டரி அடித்தால் அவர்களுடைய விடிவெள்ளி கிளப் டிவிஷனில் தங்கும். இல்லாவிட்டால் லீக்கை விட்டே வெளியே.

எட்வின் யார்? சொரிமுத்துவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். சொரிமுத்து மனைவிக்கு அண்ணன் தம்பி கிடையாது. மகளுக்குக் காது குத்தும்போது, மாமன் எங்கே, மாமன் எங்கே என்று எல்லோரும் முழித்தார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு எட்வின் வந்து கோயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளைக்கு அவன் மடியில்தான் காது குத்தினார்கள்.

மாஸ்டர் போட்ட பந்து எட்வின் காலில் பட்டது. முதலில் பேட்டில் பட்டிருந்தால் அவுட் கிடையாது. சாரல் கிளப் மொத்தமும் "அவுட்டூ" என்று கத்தியது.

சொரிமுத்து விரலைத் தூக்கினான்.

"பேட்டுல பட்டுதுல! என்னை வித்துட்டியேல!" என்றான் எட்வின். எல்லோர் முன்னாலும் சொன்னான். அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முடியும் முன்னே எட்வின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும்கூட உயிர் நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சொரிமுத்து கேட் பக்கமே நின்றான். உள்ளே போகக் கால் வரவில்லை.

அதற்கப்புறம்தான் மாஸ்டரைத் தேடி வர ஆரம்பித்தான். இரண்டாவது தடவையும் வந்தான். அதே கேள்விதான். "உருளையை இழும்வே" என்றார் மாஸ்டர். வேர்க்க விறுவிறுக்க இழுத்தான். பதில் மட்டும் வரவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. எல்லைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நாற்பதைத் தாண்டிய ஆம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"விரலைத் தூக்கும்போது எதைவே பாத்தீரு?"

"காலைப் பாத்தேன்."

"அப்புறம்?"

"ஸ்டம்பைப் பாத்தேன்."

"அப்புறம்?"

சொரிமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"உங்க ஆளுங்க மூஞ்சியைப் பாத்தேன் மாஸ்டர். காலையில இருந்தே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, சொந்தக்காரனுக்கு இவன் எங்க தூக்கப் போறான்னு. சொரிமுத்து அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு காட்டணும்னு இருந்துச்சு."

"காட்டிட்டீரு."

"ஆமா, காட்டிட்டேன்."

மாஸ்டர் ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டார்.

"இப்ப சொல்லுங்க மாஸ்டர். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். பேட்டுல பட்டுதா?"

"இது தெரிஞ்சு என்ன செய்யப் போறீரு?"

"அவுட்டுன்னா நிம்மதியாத் தூங்குவேன். இல்லன்னா... தெரியல. இப்பவும் தூங்கல, அப்பவும் தூங்க மாட்டேன். அவ்வளவுதானே?"

"பட்டுது."

சொரிமுத்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

"சத்தம் எனக்கே கேட்டுது. பேட்டுல பட்டுத்தான் கால்ல பட்டுது."

"தெரிஞ்சேவா கத்துனீங்க?"

"தெரிஞ்சேதான். நீரு தூக்க மாட்டீருன்னு நெனச்சுட்டேன். சொந்த ஆளுக்கு எவன்வே தூக்குவான்?"

சொரிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றான். கை ஓங்கியிருப்பான். மாஸ்டர் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தான்.

"எனக்கும் மனசு கேக்கலவே. அடுத்த வாரமே எட்வின் வீட்டுக்குப் போனேன். தப்பு எம்மேலதான்னு சொன்னேன். சொரிமுத்துகிட்டயும் போய்ச் சொல்லிருதேன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"கையைப் பிடிச்சுக்கிட்டான். சொல்லிராதீங்க மாஸ்டர், அவன் தாங்க மாட்டான்னான்."



"அப்புறம் ஏன் எங்கிட்டப் பேசல?"

"நீரு போனீரா?"

"எல்லாரு முன்னாலயும் ஏசுனான் மாஸ்டர். அவன் மொதல்ல வரட்டும்னு இருந்தேன்."

"அவனும் அதைத்தான் சொன்னான். ஏசுனது நான், நான் போயி அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா செத்துருவேன், அவனே வரட்டும்னான்."

எதிர்ப்பக்கம் சாரல் பையன்கள் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மாஸ்டரைக் கூப்பிட்டான். மாஸ்டர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"நானும் விடல. 'சொரிமுத்து வந்து நிக்கான்னே வச்சுக்கோ. அது அவுட்டா இல்லையான்னு உங்கிட்டயே கேக்கான். என்னல சொல்லுவ?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

மாஸ்டர் வலைப் பக்கம் பார்த்தார். சொரிமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க மாஸ்டர். என்ன சொன்னான்?"

"'அவுட்டுதாம்லன்னு சொல்லிருவேன் மாஸ்டர்'னான்."