அஞ்சலாட்சியின் கால் வீக்கம்

டாக்டர் மெஹருன்னிசாவிடம் ஊர்ச் சனங்களுக்கு வைத்தியம் பார்க்கப் பழக வந்தபோது தண்டபாணிக்கு ஐம்பத்தாறு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. தண்டபாணி ராணுவ டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே மாத்திரையை நீட்டினால் மறுபேச்சில்லாமல் விழுங்குவார்கள். இந்தக் கடற்கரை ஊரில் அவர் பாச்சா பலிக்கவில்லை.

அன்று அஞ்சலாட்சிக்குப் பிரஷர் இருநூறைத் தொட்டிருந்தது.

"பிரஷருக்கு அம்லோடிபின் எழுதித் தந்தேனே, சாப்பிடுறீங்களா?" என்றார் தண்டபாணி.

"நிறுத்திட்டேன் சார். காலு வீங்குது."

"அதுக்குத்தான் நீர் பிரிய இன்னொரு மாத்திரை தந்தேன்."

"அப்பவும் வத்தல. மெட்டி விரல்ல பதிஞ்சுபோச்சு. நர்சம்மா அறுத்துடலாம்னாங்க."

"அறுக்க வேண்டியதுதானே?"

அஞ்சலாட்சி சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். அவள் புருஷன் கடலுக்குப் போய்ப் பதினோரு வருஷம். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை.

"அவரு வர்ற நேரம் நான் வெறும் விரலோட நின்னா, அவருக்கு மனசு விட்டுப்போயிடாதா சார்?"

மெஹருன்னிசா எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது நோய் இல்ல சார், நாம குடுத்த மாத்திரை. கால்சியத்தைத் தடுத்து இரத்தக்குழாயைத் தளர்த்துது. சில பேருக்கு அதுல நீர் காலுக்கு இறங்கிடும். நீர் மாத்திரைக்கு அது வடியாது."

வேறு மருந்து எழுதினார்.

"மெட்டி இருக்கட்டும்க்கா. ஆனா இதை நிறுத்தக் கூடாது. கை கால் விழுந்து படுத்துட்டா, அவர் வந்தா யாரு கதவத் தொறக்குறது?"

அஞ்சலாட்சி சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

தண்டபாணிக்கு மனசு ஆறவில்லை. மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியும், வீட்டுக்குள் நுழையும்போது ஒரு குரலுக்குக் காது கொடுக்கிறவர் அவர். அந்த வலி அவருக்குத் தெரியும்.

"அவன் வரமாட்டான்னு ஊருக்கே தெரியும் மேடம். இந்த ஏக்கத்துக்கு ஒரு மருந்து வேண்டாமா?"

"கால் வீக்கத்துக்குக் கேட்டாங்க, குடுத்தேன். ஏக்கத்துக்கு அவங்க கேக்கலையே," என்றார் மெஹருன்னிசா. "உங்களுக்கு வேணுமா சார்?"

தண்டபாணி அஞ்சலாட்சி போன வாசலைப் பார்த்தார்.

"வேண்டாம் மேடம்," என்றார்.