குங்குமம் வைத்த கார்டு

"டீச்சர், நல்ல கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு சொல்லுங்க" என்றார் தெய்வசிகாமணி.

ரிஸ்வானா நிமிரவில்லை. யாருடைய கம்ப்யூட்டரையோ திறந்து வைத்து, பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"ஸ்கிரீன்ல படம் வர்றதுக்கு."

"யார் படம்?"

கார்டு கேட்டு வந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது?

தெய்வசிகாமணிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்தொன்று. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மாடி அறைதான் அவளுடைய கடை. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பெட்டியில் மேக் சிஸ்டத்தை ஓட்டப் பார்த்துத் தலை சுற்றிப்போனவர்கள் கடைசியில் அங்கேதான் ஏறுவார்கள். எப்போதோ கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்று சொல்லித்தான் அவரை அனுப்பியிருந்தார்கள்.

"ஃபேன் சுத்துது டீச்சர். மேக் லோகோ வருது. கீழ கோடு பாதி ஓடுது. அப்புறம் ஒரே இருட்டு."

"எந்த சிஸ்டம்?"

"பழசு. ரொம்பப் பழசு."

"கார்டு?"

"போன மாசம்தான் மார்க்கெட்டுக்கு வந்தது. இருக்கறதுலயே பெருசு."

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"புது சிஸ்டம் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கார்டு வேலை செய்யுது. என் ஃபைல் திறக்கமாட்டேங்குது. அந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் பழசுலதான் ஓடும். பழசைப் போட்டா கார்டு படுத்துக்குது. நான் என்னதான் பண்றது?"

"உங்க அப்பா அம்மா கல்யாண போட்டோ வீட்ல இருக்கா சார்?"

"இருக்கு."

"அதுல நீங்க எங்க நிக்கிறீங்க?"

"நான் எப்படிம்மா நிப்பேன்? அப்ப நான் பொறக்கவே இல்லையே!"

அவள் மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள்.

அவர் விறுவிறுவென்று படியிறங்கினார். போன வேகத்தில் அதே தெருவில் அதைவிடப் பெரிய கார்டு ஒன்றை மாற்றி வாங்கிக்கொண்டு குடியாத்தத்துக்கு ரயில் ஏறினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று தெரியாமலா சொன்னார்கள்?

நான்காம் நாள் அந்தப் புதுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"இதுவும் இருட்டுதான் டீச்சர்."

அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "உட்காருங்க சார். அந்த ஃபைல்ல யார் இருக்காங்க?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் பார்ட்னர். ஞானப்பிரகாசம்."

பிறகு அவரே பேசினார். பேச ஆள் கிடைக்காமல் இருந்தவர்போலப் பேசினார்.

குடியாத்தத்தில் இருவரும் சேர்ந்து ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். பிரகாசம் எடுப்பான், வெட்டுவான், ஒட்டுவான். தெய்வசிகாமணி வர்ணனை பேசுவார். அவருக்குக் கணீரென்ற குரல். வாசலில் வாழைமரம் என்று அவர் ஆரம்பித்தால் மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள். பிரகாசத்துக்கு வீசிங். பேசினால் கரகரவென்று மூச்சு இழுக்கும்.

ஆனாலும் எடிட் பண்ணும்போது எந்த இடத்தில் என்ன பேசவேண்டும் என்று முதலில் அவனே பேசி, அளவுக்காகப் பதிந்து வைப்பான். பிறகு தெய்வசிகாமணி மைக் முன்னால் உட்கார்ந்து அந்த இடத்திலெல்லாம் தன் குரலைப் போடுவார்.

"பதினோரு வருஷம் டீச்சர். அவன் பேசின ஒவ்வொண்ணையும் அழிச்சு அழிச்சு நான் பேசினேன். அதான் எங்க வேலை."

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"அவன் போய்ப் பதினஞ்சு வருஷம். அவன் பொண்ணு ஷெரினுக்கு இப்ப கல்யாணம், இன்னும் இருபது நாள்தான். அப்பா போகும்போது அதுக்கு மூணு வயசு. 'மாமா, அப்பா குரல் எப்படி இருக்கும்?'னு கேட்டுச்சு. நாங்க பண்ணின டிவிடி எல்லாத்தையும் தேடினேன். எல்லாத்துலயும் நான்தான் பேசறேன்."

ரிஸ்வானா தன் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரே ஒரு ஃபைல் மிச்சம். ஷெரினோட மூணாவது பொறந்தநாள். அவன் பேசி வச்சான். நான் பேசறதுக்குள்ள போயிட்டான்."

"அதை எந்த மிஷின்ல வெட்டினார்?"

"அவனே பூட்டினது. நிஜ மேக் வாங்க நமக்கு வக்கு ஏதுன்னு, இதே தெருவுல ரெண்டு நாள் அலைஞ்சு பாகம் பாகமா வாங்கி வந்து பூட்டினான். முதல்ல லோகோ வந்தப்ப ஸ்டுடியோவுல ரெண்டு பேரும் குதிச்சோம். ரெண்டு நிமிஷப் படம் ரெண்டர் ஆகி முழுசா வெளிய வர நாப்பது நிமிஷம் ஆகும். நான் திட்டிக்கிட்டே இருப்பேன். அவன், 'ஆவட்டும்டா தெய்வா, வா, டீ குடிச்சிட்டு வரலாம்'னு இழுத்துக்கிட்டுப் போவான். இப்ப நினைச்சா, நாங்க பேசினதெல்லாம் அந்த நாப்பது நாப்பது நிமிஷத்துலதான்."

"அந்தப் பெட்டி?"

"போர்டு போயிடுச்சு. செத்த பெட்டி. பரண்ல கிடக்கு. ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழட்டி இந்தப் புதுப் பெட்டியில மாட்டியிருக்கேன்."

"கொண்டு வாங்க."

"செத்ததைக் கொண்டுவந்து என்ன பண்ண?"

அவள் டீ கிளாஸை அவர் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான் பதில்.

மறுநாள் அதைத் துண்டில் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வந்தார்.

"நீங்களே திறங்க" என்று ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.

அவர் திறந்தார். பக்கத் தகடு கையோடு வந்தது. உள்ளே ஒட்டடை. ஒட்டடைக்கு நடுவே, கிராபிக்ஸ் கார்டின் சின்ன ஃபேன்மேல் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

ஆயுத பூஜை. எல்லோரும் பெட்டிக்கு வெளியே பொட்டு வைப்பார்கள். சர்ச்சுக்குப் போகிற பிரகாசம் மட்டும் வருஷம் தவறாமல் பெட்டியைத் திறந்து, துடைத்து, உள்ளே வைப்பான். வேலை செய்றவர் உள்ளதானடா இருக்கார் என்பான்.

தெய்வசிகாமணி அந்தக் கார்டையே பார்த்தார்.

"டீச்சர்..."

"ம்."

"நான் வாங்கினது ரெண்டும்... இந்த சிஸ்டம் வந்தப்ப பொறக்கவே இல்ல."

அவள் மெல்லச் சிரித்தாள். அவர் நேற்று விட்டுப்போயிருந்த புதுப் பெட்டியிலிருந்து பெரிய கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பழையதைத் தூசி தட்டினாள். குங்குமத்தின்மேல் மட்டும் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"இதுக்கு உசிர் இருக்குமா?"

"போட்டாத்தானே தெரியும்."

அவரே சொருகினார். அழுத்தியதும் டக்கென்று உட்கார்ந்தது.

லோகோ வந்தது. கோடு ஓடியது. பாதியைத் தாண்டியது.

திரையில் ஒரு நீலப் பின்னணி விரிந்தது. நடுவில் இருவரும் ஸ்டுடியோ வாசலில் தோள்மேல் கைபோட்டு நின்றார்கள். இருவருக்கும் தலை நிறைய கருப்பு முடி. தெய்வசிகாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஃபைலைத் திறங்க சார்."

திறந்தார். மூன்று வயது ஷெரின் கேக் முன்னால் நின்று, கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருந்தாள். கரகரவென்று மூச்சு இழுப்பது முதலில் கேட்டது. அதன்பின் குரல் வந்தது.

"ஷெரின் பாப்பா கேக் வெட்டுறாங்க... அப்பாவுக்குத்தான் முதல் துண்டு... என் தங்கம்... ம், இது சும்மா அளவுக்கு. என் குரல் வேணாம். அப்புறம் தெய்வா வந்து நல்லாப் பேசிடுவான்."

படம் முடிந்தது.

ரிஸ்வானா டிராயரைத் திறந்து, ஒரு மைக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பேசுறீங்களா சார்?"

தெய்வசிகாமணி அதை எடுத்து, ஒயரைச் சுற்றி, டிராயருக்குள் வைத்து மூடினார்.