மாப்பிள்ளைக்கும் காய்ச்சலுக்கும் ஒரே பேர்

மூணூரணிப்பட்டிக்காரர்களிடம் நீங்கள் எந்த ஊருக்கும் வழி கேட்கலாம். வாயால் சொல்ல மாட்டார்கள். கூடவே வந்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். அப்புறம் மூணூரணிப்பட்டிக்கு எப்படிப் போக வேண்டும் என்று உங்களிடம் கேட்பார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள்.

அந்த ஊரில் தவசியாண்டி என்று ஒரு சம்சாரி. நெல்லும் மிளகாயும் போடுவார். ஒரே மகள் தேன்மொழி, ஜெர்மனியில் நர்ஸ் வேலை. கூட வேலை பார்க்கும் செர்பியாக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் போனில் சொன்னபோது, தவசியாண்டி மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பசித்தது, சம்மதித்துவிட்டார். ஆனால் கல்யாணம் நம் ஊரில்தான் நடக்க வேண்டும், ஊரே கூடி நின்று அட்சதை போட வேண்டும் என்று ஒரு கண்டிஷன் வைத்தார். அந்த ஓர் ஆசையைத்தான் மகள் பிறந்த நாளிலிருந்து மனசில் வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் பேர் ஜிகா.

இங்கே மூணூரணிப்பட்டியின் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் ஒரு பேர் ஒருவருக்குத்தான். அதே பேரில் இன்னொருவர் ஊருக்குள் வந்தால், முந்தி வந்தவருக்குப் பேர் சொந்தம், பிந்தி வந்தவர் வேறு பேர் வைத்துக்கொள்ள வேண்டும். விட்டுக்கொடுத்தவரைப் பேர் வைத்திருப்பவர் வீட்டார் அன்று முதல் சொந்தமாக நினைத்து, வயிறாரச் சாப்பாடு போட்டு, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அழைக்க வேண்டும்.

தவசியாண்டியின் மனைவி முத்துப்பேச்சி இந்த ஊருக்கு வாழ வரும்போது சிவகாமியாகத்தான் வந்தாள். ஏற்கெனவே நாட்டாமை வீட்டு எருமைக்கு அந்தப் பேர் இருந்தது. ஊருக்குள் வந்த கணக்கில் எருமை நாலு வருஷம் மூத்தது. பிறகு எருமை செத்தபோது, பழைய பேரையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எருமை போட்டுக் கழித்த பேர் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் முறைக்கு மூன்று நாள் அழுதாள்.

கல்யாணம் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு சுகாதார ஆய்வாளர் வந்து ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். பக்கத்து டவுனில் இரண்டு பேருக்கு ஜிகா என்ற காய்ச்சல் வந்திருக்கிறது, கொசு பரப்புகிறது, எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். கேட்டவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்த ஊரை மிஞ்ச முடியாது.

"தண்ணியைத் தேங்க விடாதீங்க" என்று அவர் சொல்லியிருந்தார். அவர் மோட்டார் சைக்கிள் திரும்புவதற்குள் மூன்று ஊரணியிலும் ஆட்கள் இறங்கித் துடுப்புப் போட ஆரம்பித்தார்கள். வீட்டுத் தண்ணீரை வீட்டார் கலக்க வேண்டும் என்று ஏற்பாடு. தவசியாண்டி ஒரு கையால் குடத்து நீரை அகப்பையால் கலக்கிக்கொண்டே மறு கையால் கல்யாணப் பந்தலுக்குக் கயிறு கட்டினார்.

"குடம், தொட்டி எல்லாத்தையும் மூடி வைங்க" என்றும் சொல்லியிருந்தார். மூடினால் எப்படிக் கலக்குவது என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் மூடியில் ஓட்டை போட்டு, அதன் வழியாக அகப்பையை விட்டுக் கலக்கினார்கள்.

"உங்க வீட்டைச் சுத்திச் சிரட்டை கிடக்கக்கூடாது" என்றும் சொல்லியிருந்தார். ஆளாளுக்குத் தன் வீட்டைச் சுற்றிக் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கிப் பக்கத்து வீட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டார் அதற்கடுத்த வீட்டில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு சிரட்டையும் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவரவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

முழுக்கைச் சட்டை போடச் சொன்னதையும் தட்டவில்லை. சட்டையைப் பற்றி மட்டும்தானே சொன்னார், வேட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பொன்னழகு என்பவர் வேட்டியை அவிழ்க்கப் போனார். முத்துப்பேச்சி போட்ட அதட்டலில் மறுபடி கட்டிக்கொண்டார். பொன்னழகு ஊரிலேயே கூர்மையான ஆள் என்று பேர் வாங்கியவர்.

அதே வியாழக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் தேன்மொழியும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். நல்ல உயரம், செம்பட்டைத் தாடி, சாதுவான முகம். சரி, சாப்பாடு, மாமா என்ற மூன்று வார்த்தைகள் தமிழில் தெரியும். தவசியாண்டிக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று.

மூணூரணிப்பட்டிக்காரர்களை ரொம்பவும் மட்டமாக நினைத்துவிட வேண்டாம். காய்ச்சல் வேறு, மாப்பிள்ளை வேறு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். மாப்பிள்ளையைத் தொட்டால் காய்ச்சல் வரும் என்று ஒருவரும் பயப்படவில்லை. அவர்களுடைய கவலை வேறு. இரண்டு பேருக்கும் ஒரே பேர் இருக்கிறதே, யார் மூத்தவர்?

வெள்ளிக்கிழமை ரேஷன் கடை வாசலில் ஊர்க்கூட்டம். நாட்டாமை மூக்கையா விசாரித்தார்.

"நோட்டீஸ் எத்தனை மணிக்கு ஒட்டினாக?"

"எட்டு மணிக்கு."

"மாப்பிள்ளை எப்ப எறங்குனாரு?"

"பத்து மணிக்கு."

"அப்ப காய்ச்சல்தான் மூத்தது."

தவசியாண்டி எழுந்து நின்றார். "அண்ணே, காய்ச்சல் இன்னும் ஊருக்குள்ள வரவே இல்லையே" என்றார்.

"பேரு வந்துருச்சுல்ல? பேருக்குத்தான் பஞ்சாயத்து" என்றார் பொன்னழகு.

"எங்க மாப்பிள்ளை முப்பத்திரெண்டு வருசமா அந்தப் பேர வச்சிருக்காருய்யா."

"அது அவரு ஊர்ல. நம்ம ஊர்ல ரெண்டு மணி நேரம் பிந்திட்டாரே தவசி" என்றார் நாட்டாமை.

ஊரில் அப்போது யாருக்கும் வைக்காமல் காலியாக இருந்த பேர்கள் இரண்டுதான்: கட்டையன், செல்லாத்தாள். இரண்டில் எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நாட்டாமை பெருந்தன்மையாகச் சொன்னார். தேன்மொழி அதை மாப்பிள்ளைக்கு அவர் பாஷையில் சொன்னாள். அவர் பதில் சொன்னார்.

"அது இவுக தாத்தா பேராம், மாத்த முடியாதாம்" என்றாள் தேன்மொழி. "அவுக ஊர்ல மட்டும் ஒம்போது ஜிகா இருக்காகளாம். யாரும் யாரையும் மாத்தச் சொன்னதில்லையாம்."

கூட்டம் ஆடிப்போய்விட்டது. "ஒம்போது பேரா?" என்று பொன்னழகு தலையில் கை வைத்தார். "ஒருத்தன் தும்முனா, ஜிகா நூறு வயசு இருன்னு வாழ்த்துவோம். அந்த நூறு வயசு யாருக்குப் போய்ச் சேரும்? ஒம்போதாப் பிரிச்சா ஆளுக்குப் பன்னெண்டு வயசுகூடத் தேறாதே."

தேன்மொழி அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, பேர மாத்தணும்னு கட்டாயப்படுத்துனா இவரு கெளம்பிருவாரு. இவரு கெளம்புனா நானும் கெளம்பிருவேன். அங்கேயே போய் ரெண்டு கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்த முடிச்சுக்கிருவோம்."

ஊர் சம்மதிக்காவிட்டால் ஒருவரும் பந்தலுக்கு வர மாட்டார்கள். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைத் தான் பார்க்கவே போவதில்லை என்று நினைத்ததும் தவசியாண்டி திரும்பக் கூட்டத்துக்கு நடந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அண்ணே, எங்க மாப்பிள்ளையைக் கேட்டீக. காய்ச்சலைக் கேட்டீகளா? ரெண்டு பக்கத்தையும் விசாரிக்கணும்ல? ஒருவேளை அதுவே விட்டுக்கொடுத்துட்டா?"

நாற்பது வருஷமாகப் பஞ்சாயத்துப் பண்ணுகிற நாட்டாமைக்கு, இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை காலைக்குள் காய்ச்சலை ஆஜர்படுத்தும்படி உத்தரவிட்டார்.

"காய்ச்சல் தனியா வராது, கொசுவோடதான் வரும்னு சார் சொன்னாருல்ல" என்றார் பொன்னழகு. "அப்ப கொசுதான் அதுக்கு ஆளு. கொசுகிட்டக் கேட்டாப் போதும்."

சிக்கல் என்னவென்றால், விடாமல் கலக்கியதில் ஊரில் ஒரு கொசுவும் இல்லை. தவசியாண்டி ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தார். அங்கே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கொசுவிடம் விஷயத்தை எல்லாம் எடுத்துச் சொல்லி, பாட்டிலுக்குள் வரும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அது உள்ளே போனது. பாட்டில் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, வெயில் படாமல் குடை பிடித்துக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை பாட்டிலை ஒரு நாற்காலியில் வைத்து விசாரணை நடந்தது. நாட்டாமை மூன்று தடவை கேட்டார். முதல் தடவை பதில் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. தவசியாண்டிக்கு உயிர் போய் உயிர் வந்தது. மூன்றாம் தடவை கேட்கும்போது பாட்டிலுக்குள் "ஙொய்" என்று ஒரு சத்தம்.

"விட்டுக்கொடுக்கிறேங்குது" என்றார் பொன்னழகு.

"முடியாதுன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டார் நாட்டாமை.

"முடியாதுன்னா இன்னும் கொஞ்சம் நீளமாச் சொல்லியிருக்கும்ணே."

தீர்ப்பு ஆயிற்று. பேர் மாப்பிள்ளைக்கே. காய்ச்சலை இனி எல்லோரும் மரியாதையாக "விட்டுக்கொடுத்தவர்" என்றுதான் சொல்ல வேண்டும். தேன்மொழி அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மாப்பிள்ளை "சரி, மாமா, சாப்பாடு" என்றார்.

சாப்பாடுதான் அடுத்த விஷயம். விட்டுக்கொடுத்தவருக்கு வயிறாரப் போட வேண்டுமே. தவசியாண்டி கையை நீட்டினார். ஆனால் முழுக்கைச் சட்டையைக் கழற்றக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. ஆகவே கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையின் கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை வெட்டி, அந்த இடத்தைப் பாட்டில் வாயில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொசு சீண்டவே இல்லை.

"கோவமா இருக்குமோ?" என்று கவலைப்பட்டார்.

"இன்னைக்குச் சனிக்கிழமை. பெருமாளுக்கு விரதமா இருக்கும்" என்றார் நாட்டாமை.

தன் மகளுக்காகப் பேரையும் கொடுத்துவிட்டு விரதமும் இருக்கிறதே என்று தவசியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை பந்தல் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் புதுச் சொந்தத்துக்குத் தனி நாற்காலி போட்டு, பாட்டிலுக்குச் சந்தனம் தடவி வைத்திருந்தார்கள். சர்க்கார் ஆள் என்பதால் சுகாதார ஆய்வாளரையும் அழைத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் அரைக்கைச் சட்டையில் வந்திருந்தார்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும்போது, விருந்தாளியை அடைத்துவைத்தால் எப்படி அட்சதை போடுவார் என்று நாட்டாமை பாட்டிலின் துணியை அவிழ்த்துவிட்டார். கொசு வெளியே வந்தது. நாலு பக்கமும் பார்த்தது. நேரே போய் ஆய்வாளரின் முழங்கையில் உட்கார்ந்தது. அவர் பேச்சு சுவாரசியத்தில் பட்டென்று அடித்து, உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டார்.

மேளச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. தவசியாண்டி மட்டும் பார்த்துவிட்டார். சொந்தத்தில் சாவு விழுந்தது தெரிந்தால் தீட்டு. தாலி ஏறாது, வருஷம் திரும்பும்வரை கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. சாவுச் செய்தியைத் தாலி ஏறும்வரை மறைத்துவைத்துக் கல்யாணத்தை நடத்தின குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரே எட்டில் போய் ஆய்வாளரின் கையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டார்.

"சார், கையத் தெறக்காதீக. எம் மகள ஒங்க புள்ள மாதிரி நெனச்சுக்கங்க. அவளுக்குத் தாலி ஏறட்டும்."

ஆய்வாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு தகப்பன் கண்ணீர் விட்டுக் கேட்கிறார். கையை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். கெட்டி மேளம் முழங்கியது. தாலி ஏறியது. ஊரே அட்சதை போட்டது. தவசியாண்டி ஒரு கையால் அட்சதை போட்டார், மறு கையால் ஆய்வாளரின் கையை அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் ஆசைப்பட்ட காட்சியை முழுசாகக் கண்ணாரப் பார்த்துவிட்டார்.

மூன்றாம் முடிச்சு விழுந்ததும் ஆய்வாளரின் விரல்களை விரித்து, "எஞ் சாமி, போயிட்டியே" என்று வாய்விட்டு அழுதார்.

நாதஸ்வரம் நின்றது. முத்துப்பேச்சி எருமைக்கு அழுத பழக்கத்தில் உடனே மாரடித்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை மனைவியின் காதில் ஏதோ கேட்டார்.

"அப்பா, இதுவும் கல்யாணச் சடங்கான்னு கேக்குறாரு."

"ஆமான்னு சொல்லிரும்மா."

நாட்டாமை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆகவேண்டியதைக் கவனித்தார். "உயிர் யாரு கையில போச்சு?"

"சார் கையில."

"அப்பச் சார்தான் மகன் முறை. கொள்ளி வைக்கணும்."

"ஐயா, நான் கொசுவை அடிச்சேங்க" என்றார் ஆய்வாளர்.

"அடிச்சீகளோ அணைச்சீகளோ, அது ஒங்களுக்கும் அவுகளுக்கும் உள்ளது. சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நிக்கும்போது ஒங்க மேல வந்து ஒக்காந்துதான உசுர விட்டாக? பிரியம் இல்லாமலா?"

ஆய்வாளர் யோசித்துப் பார்த்தார். சுற்றிலும் முந்நூறு பேர் கண்ணீரோடு நின்றார்கள். மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ண வந்திருந்த முடிதிருத்துபவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு தயாராக நின்றார். தீப்பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். கொள்ளி வைக்க ஒரு தீக்குச்சி போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஆய்வாளர் மொட்டைத் தலையோடு அலுவலகம் போனார். பெரிய அதிகாரி எழுந்து வந்து, யார் தவறியது என்று துக்கத்தோடு விசாரித்தார்.

"தூரத்துச் சொந்தம் சார்" என்று சொல்லிவிட்டு, பதினாறாம் நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தார் ஆய்வாளர்.