தும்பைக்காகக் காத்திருந்த நாச்சாயி அம்மையார்

கொங்கு நாட்டுச் செம்மலையூரில், சிவன் கோயில் மாட்டுத்தொழுவத்தில் சாணம் அள்ளுவது நாச்சாயி அம்மையாரின் தொண்டு. அள்ளி முடித்ததும் கோயிலின் மேய்ச்சல்காட்டுக்குப் போய்த் தும்பைப்பூ பறித்து வந்து இறைவனுக்குச் சாத்துவார். சாத்திய பிறகுதான் சோறு உண்பார்.

ஒரு பஞ்சத்துக்குப் பின், கடல் கடந்து வந்த புல்விதையைக் கோயில் மணியக்காரர் அந்தக் காடெங்கும் விதைத்தார். புல் இடுப்பளவு எழுந்தது, பால் பெருகியது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் புல் முதல் தூறலுக்கே முளைத்து மற்றவற்றை முந்திக்கொள்ளும். முற்றிய தாளை மாடுகள் தொடாததால், அது சாய்ந்து பாய் விரித்ததுபோல் மண்ணை மூடிவிடும். வெயில் படாத மண்ணில் தும்பை முளைப்பதில்லை. முதலில் தும்பை குறைந்தது, பிறகு விஷ்ணுகிரந்தி, அப்புறம் மண்ணுக்குரிய கொழுக்கட்டைப்புல். சில ஆண்டுகளில் காடு முழுவதும் அந்த ஒரே புல்லாயிற்று.

அம்மையார் சோற்றை விட்டார். மோர் மட்டும் பருகித் தொண்டு செய்தார். அரிவாளால் புல்லை அறுத்துப் பார்த்தார். அறுக்க அறுக்க அது தூர்கட்டிப் பெருத்தது.

"ஏனம்மிணி, அரளியப் போட்டா சாமி வேண்டாம்னா சொல்லுது?" என்று மணியக்காரர் சிரித்தார்.

"சாமி வாங்கிக்குமுங்க. அவரு காட்டுல அவரு செடி ஒண்ணுகூட இல்லீன்னா, எனக்குத்தானுங்க சோறு எறங்க மாட்டேங்குது."

ஒரு கோடையில், கம்பளி போர்த்திய இடையர் ஒருவர் மந்தையோடு வந்து, குடிக்க மோரும் மேய்க்க இடமும் கேட்டார். அம்மையார் தம் பங்கு மோரை ஊற்றிவிட்டுக் காட்டைக் காட்டினார். ஆடுகள் காய்ந்த தாளைக் குளம்பால் நொறுக்கின; பச்சைக் குருத்தை மண்ணோடு ஒட்டக் கடித்தன. இடையரின் கம்பளியெங்கும் புல்விதைகள் ஒட்டிக்கொண்டன. மேய்ந்து முடிந்ததும் அவர் எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மாட்டுக்கான புல்லை ஆட்டுக்கு விட்டாள் என்று மணியக்காரர் அம்மையாரைத் தொண்டிலிருந்து விலக்கினார். அம்மையார் மதிலுக்கு வெளியே அமர்ந்து, மோரும் இன்றி, இறைவனை நினைத்திருந்தார்.

மழை பெய்தது. சில நாள் கழித்துக் குருக்கள் நடை திறந்தபோது, இலிங்கத்துக்குச் சாத்திய பட்டு முழுவதும் அந்தப் புல்விதைகள் ஒட்டியிருந்தன. கருவறையில் ஆட்டுமந்தையின் வாசம். செய்தி கேட்ட மணியக்காரர் காட்டுக்கு ஓடினார். குளம்பு பட்டு வெயில் கண்ட இடங்களில் எல்லாம் தும்பைக் கன்றுகள்! அத்தனை ஆண்டும் அவை மண்ணுக்குள் விதையாக உறங்கியிருந்தன.

அவர் அம்மையாரின் முன் வந்து நின்றார். "ஆத்தா, மேய்க்க வந்தது ஆருன்னு தெரியாமப் பேசிப்போட்டனுங்க."

"எனக்குந் தெரியாதுங்க. மோரு கேட்டாரு, குடுத்தேன்."

அவரே அம்மையாரைத் தொழுவத்துக்கு அழைத்துச் சென்றார். தும்பை பூக்கும்வரை அம்மையார் மோரோடு பொறுத்திருந்தார். முதற்பூவைச் சாத்திய அன்று கோயில் வாசலிலேயே அமர்ந்து சோறு உண்டார். அந்நியப் புல் முற்றிலும் அழியவில்லை. ஆகவே கோடைதோறும் அங்கே ஆடுகளை விடுவது வழக்கமாயிற்று.

மண்ணுக்குள் விதை காத்திருப்பதுபோல் மண்ணுக்கு மேலே காத்திருந்த நாச்சாயி அம்மையாரின் திருவடிகளை வணங்குவோம்.