மகளுக்கு ஏற்ற பிளவு

“இந்தப் பாலைவனம் பூராவும் தேடிட்டேன் டீச்சர். என் மக ஏறுற மாதிரி ஒரு பிளவுகூட இல்ல.”

கதீஜா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். ஞானராஜைவிட இருபது வயது இளையவள். ஆனாலும், பாறைப் பிளவில் கையைச் செருகி, உள்ளே உள்ளங்கையைப் புடைக்க வைத்து, அந்த இறுக்கத்தில் மேலே ஏறும் வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

“ஒண்ணுகூடவா அண்ணாச்சி?”

“மணல்ல ரொம்ப நடக்கக் கூடாது, நிழல் வேணும், கீழே தரை சமமா இருக்கணும். எல்லாம் பாத்துதான் தேடினேன். நான் கையை விட்டா அப்படியே கவ்விப் பிடிக்குது. அவ ஏறினா மட்டும் வழுக்குது.”

“அவ என்ன சொல்றா?”

“இப்ப எதுவும் சொல்றதில்ல.”

கூடாரத்துக்குள் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெபமணியின் குரல் வந்தது.

“நேத்து வரைக்கும் ‘எனக்கு வராதுப்பா’ன்னு சொல்லிட்டிருந்தா. ‘பயப்படாதே, கையை நல்லா விடு, பிடிக்கும்’னு நீங்க தொண்டை கிழியக் கத்தினீங்க. இப்ப வாயை மூடிட்டா. திருப்திதானே?”



நாளை ஜெபமணியும் மகள் பெர்சிஸும் விமானம் ஏறி நாகர்கோவிலுக்குப் போய்விடுகிறார்கள். மகளுக்கு இனி படிப்பு அங்கே. அவருக்கு வேலை இங்கே. விடுமுறைக்கு வந்து போகும் அப்பாவாக மாறுவதற்குள், ஒரே ஒரு பாறையின் உச்சியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

“எந்தக் கையை விட்டுப் பாத்தீங்க?” என்று கேட்டாள் கதீஜா.

இதென்ன கேள்வி? அவர் வலது கையை நீட்டினார். முறம் போல அகன்ற கை.

அவள் அதைச் சற்று நேரம் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள்.

“வாங்க.”

தூரமாகப் போகவில்லை. கூடாரத்தின் பின்னாலேயே ஒரு பாறை இருந்தது. அதில் அடியிலிருந்து உச்சிவரை கோடு போட்டதுபோல ஒரு சிறு இடைவெளி.

“ஏறுங்க.”

“இதுலயா?”

“ஏறுங்க அண்ணாச்சி.”

விரல்கள் நுழைந்தன. கணுக்களில் வந்து நின்றுவிட்டன. உள்ளங்கை வெளியிலேயே கிடந்தது. எதைப் புடைக்க வைப்பது? காலைத் தூக்கி வைத்தார். வழுக்கி மணலில் விழுந்தார். எழுந்து மறுபடியும் முயன்றார். இந்த முறை விரல்களின் தோல் உரிந்தது.

“பயப்படாதீங்க” என்றாள் கதீஜா. “கையை நல்லா விடுங்க, பிடிக்கும்.”

“உள்ளே போனாத்தானே பிடிக்கும்!”

கத்திய பிறகுதான் தம் குரல் அவருக்கே கேட்டது.

அவர் பாறையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

“அவ கை இதுல போகுமா டீச்சர்?”

பின்னால் வந்து நின்ற ஜெபமணி சொன்னாள்.

“வந்து இறங்கின அன்னைக்கே போச்சு. ‘அப்பா, பிடிக்குதுப்பா!’ன்னு இங்கதான் நின்னு கத்தினா. நீங்க ஒரு விரலை விட்டுப் பாத்துட்டு, ‘இது பிளவே இல்ல, வா, நல்லதாப் பாக்கலாம்’னு இழுத்துட்டுப் போனீங்க.”

ஞானராஜ் காரை நோக்கி ஓடினார்.

பெர்சிஸ் பின் இருக்கையில் இருந்தாள். அகலமான பிளவுகளில் வழுக்கிக் காயம் பட்ட சின்னக் கையை மடியில் வைத்திருந்தாள்.

“பெர்சிஸ், கூடாரத்துக்குப் பின்னாடி இருக்கு பாரு, அந்தப் பிளவு. அதுல ஒரு தடவை ஏறிப் பாக்கிறியாம்மா?”

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் கோபம் இல்லை. தெரியாதவருக்கு எடுத்துச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்.

“அது பிளவே இல்லப்பா.”